பதினொரு விற்றமினும் ஒரு மஞ்சள் குளிசையும்

இதைக் கையால் எழுதுகிறேன், கோடு போட்ட கொப்பியில், பேனாவால். எழுத்து கோணலாக இருப்பதற்கு நோய் காரணமல்ல. ஐந்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். ஆனால் பேனா கையில் நிற்கிறது. சில மாதங்களுக்கு முன்னர் அது நிற்கவில்லை. அதற்கும் கொஞ்சம் முன்னர் நானே நிற்பேனா என்பது சந்தேகமாக இருந்தது.

நான் லண்டன் டூட்டிங்கில் கார் ஓட்டப் பழக்குபவன். இடதுபக்க ஆசனத்தில் இருந்துகொண்டு, பழகுபவர் செய்யப்போகும் பிழையை அவர் செய்வதற்கு அரைச் செக்கன் முன்னரே கண்டுபிடித்துவிடுவதுதான் என் தொழில். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக இப்படி ஊரார் பிழையெல்லாம் பிடித்தவன், என் சொந்தச் சமையலறை அலுமாரிக்குள் மூன்று வாரம் நடந்த ஒரு பிழையைக் காணவில்லை. அந்தக் கதைதான் இது. வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர் எழும்பிப்போய்த் தன் குளிசைப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் எனக்குப் போதும்.

நோய் ஒரு மாரிகாலக் காலையில் கைப்பிரேக்கில் தொடங்கியது. அதை இறக்க முடியவில்லை. விரல்கள் பொத்தானைச் சுற்றி மடங்க மறுத்தன. பக்கத்தில் ரதி இருந்தா. பக்கத்து ஊரான மிச்சமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர்; ஓட்டுநர் பரீட்சையில் நான்கு தடவை தவறியவர்; ஐந்தாவதுக்கு என்னிடம் வந்தவர்.

"அண்ணை, நான் எடுத்துவிடட்டே?"

"ஓம், எடும். இதுவும் பழக வேண்டிய விசயம்தான்."

அவ நம்பிவிட்டா. எனக்கே நம்பலாம் போல இருந்தது.

பிறகு இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்கின. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் கைகள் மரக்கட்டை. ஜீபி, அதாவது எங்கள் குடும்ப டொக்டர், இரத்தம் எடுத்தார், பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டுவாதப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அங்கே காத்திருக்கும் அறையில் கதிரைகள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. முழங்கால் மடங்காதவர்களுக்கென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் கால் தொங்க இருந்தபோது, நான் பரீட்சைக்கு வந்த பழகுநர் போலவே தெரிந்திருப்பேன்.

ஸ்கான் பார்த்த டொக்டர் பெயரைச் சொன்னார்: ரூமட்டோயிட் ஆர்த்ரைடிஸ். தமிழில் முடக்குவாதம். வயதாகித் தேய்ந்து வருகிற மூட்டுவலி வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் படை, ஏதோ குழப்பத்தில் நம் மூட்டின் உட்சவ்வையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. பச்சை விளக்கைக் கண்டு பிரேக் அடிக்கிற பழகுநர் போல என்று எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். கவனிக்காமல் விட்டால் எலும்பு அரிக்கப்படும். அரித்தது திரும்பி வளராது.

"உங்கள் தொழில் என்ன?" என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அவர் என் கைகளைப் பார்த்தார். அவசரத்தில் ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்க முடியாதவன் அந்த ஆசனத்தில் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மருந்து இரண்டு. முதலாவது மெத்தோட்ரெக்ஸேட். குழம்பிய காவல் படையை அமர்த்துவது. திங்கட்கிழமை மட்டும், ஆறு சின்ன மஞ்சள் குளிசைகள். "வாரத்துக்கு ஒரு முறை" என்று நேர்ஸ் மூன்று தரம் சொன்னார். நாலாம் தரம் என்னைச் சொல்லச் சொன்னார். இரண்டாவது ஃபோலிக் அசிட். இது மருந்தே அல்ல, விற்றமின் பி வகையில் ஒன்று. மெத்தோட்ரெக்ஸேட் உடம்பில் இந்த விற்றமினுக்கு இடைஞ்சல் கொடுப்பதால்தான் வாய்ப்புண், குமட்டல் எல்லாம் வருகின்றன. ஆகவே திங்கள் தவிர்ந்த மற்ற ஆறு நாளும் ஒவ்வொன்று. இதுவும் சின்ன மஞ்சள் குளிசை.

குளிசைகள் அடைத்த தகட்டு மட்டையில் இருக்கும்வரை இரண்டையும் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். அதனதன் பெயர் மட்டையின் முதுகில் அச்சடித்திருக்கும். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே தொலைபேசி எடுக்கச் சொல்லி ஒரு சின்னப் புத்தகமும் தந்தார்கள். அதை மிகவும் பத்திரமாக வைத்தேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

நோய் தெரிந்ததும் சனம் வரத் தொடங்கியது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. முன்பு திராட்சையும் மால்ட் மாவும் வரும். இப்போது விற்றமின் வருகிறது. இந்தத் துறைக்குத் தலைமை என் மனைவி வசந்தியின் அண்ணன் குகன். தபால் பிரிப்பு நிலையத்தில் அதிகாலை வேலை. மிச்சப் பொழுதெல்லாம் கைபேசியில் மருத்துவப் படிப்பு.

"மச்சான், தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, மிளகாய். நாலையும் இண்டையோட விடு."

"மிளகாயையுமோ? அப்ப என்னை ஆஸ்பத்திரியிலேயே விட்டிட்டு வாங்கோ."

"பகிடி விடாதை. எல்லாம் ஒரே குடும்பம். மூட்டுக்க போய் நஞ்சு மாதிரி நிக்குமாம்."

"எந்த டொக்டர் சொன்னவர்?"

"ஒரு வெள்ளைக்காரன். கோட் போட்டிருந்தவன்."

கோட் போட்ட அந்த வெள்ளைக்காரன் சொல்லி விற்றமின் சி, டி, ஈ, மீன் எண்ணெய், மஞ்சள்தூள் குளிசை, துத்தநாகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. மற்ற உறவுக்காரரும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். மொத்தம் பதினொரு போத்தல். காலையில் விழுங்கி முடிக்கவே எனக்குப் பசி போய்விடும். நேர்ஸ் தந்த புத்தகம் இந்தப் போத்தல்களுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. நல்ல தடித்த மட்டை, எண்ணெய் ஊறாது.

மூன்று மாதத்தில் கை இளகியது. மருந்து வேலை செய்ய அவ்வளவு காலம் எடுக்கும் என்று டொக்டர் முன்னரே சொல்லியிருந்தார். ஆனால் குகன் அது மஞ்சளின் வேலை என்றார். வசந்தி தான் வைத்த முடக்கொத்தான் ரசத்தின் வேலை என்றா. நான் எல்லோருக்கும் ஓம் சொன்னேன். குணமடைவதில் ஒரு வசதி, அதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் உரிமை கோரலாம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் போத்தலும் தன் பெயருக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்ந்ததில்லை. பிஸ்கட் டின்னுக்குள் ஊசி நூல். கோப்பிப் போத்தலுக்குள் மிளகாய்த்தூள். உறைபெட்டியில் இருக்கும் வனிலா ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சூடை மீன். ஒரு நல்ல போத்தலை எறிவது வசந்திக்கு உயிர்க்கொலை. எனக்கும் அதில் முரண்பாடு இருந்ததில்லை. தவறாகத் திறந்து ஏமாறுவது எங்கள் வீட்டில் ஒரு பிறப்புரிமை.

குளிசை மட்டையை அமுக்கிப் பிதுக்க எனக்கு ஏலாது. பெருவிரல் பலம் கேட்கிற வேலை அது. கொஞ்சநாள் வசந்தி பிதுக்கித் தந்தா. அவ அதிகாலை வேலைக்குப் போகிற நாட்களில் நான் கத்திரிக்கோலோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை மிக நன்றாக இருந்தது. இருக்கிறபோதே வேலையை முடிப்போம் என்று இரண்டு மாதத்துக் குளிசைகளையும் பிதுக்கி, காலியான இரண்டு விற்றமின் போத்தல்களில் போட்டேன். மெத்தோட்ரெக்ஸேட் விற்றமின் டி போத்தலில். ஃபோலிக் அசிட் விற்றமின் சி போத்தலில். பெயர் எழுதி ஒட்டவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

நவராத்திரிக்கு முன்னர் வசந்தி அலுமாரி துப்புரவாக்கினா. இரண்டு போத்தல், இரண்டிலும் அரைவாசி, இரண்டிலும் ஒரே அளவு சின்ன மஞ்சள் குளிசை. அரைப் போத்தல் பருப்பு இரண்டு கண்டால் எந்த வீட்டுக்காரியும் என்ன செய்வாவோ அதைத்தான் அவ செய்தா. ஒன்றுக்குள் மற்றதைக் கொட்டி, காலியான போத்தலைக் கழுவிக் கவிழ்த்து, அதில் கடுகு போட்டா.

அடுத்த நாள் நான் பார்த்தேன், விற்றமின் சி போத்தல் மட்டும்தான் நின்றது. எத்தனை மிச்சம் என்று நான் எண்ணி வைத்ததில்லை; மெத்தோட்ரெக்ஸேட் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மருந்துக் கடையில் புதுப் பெட்டி ஏற்கெனவே வந்திருந்தது. திங்கட்கிழமை ஆறு குளிசையைப் புதுப் பெட்டியிலிருந்து முறையாக எடுத்தேன். மற்ற நாட்களில் அந்தக் கலப்புப் போத்தலிலிருந்து ஒவ்வொன்று. அதாவது ஒருநாள் விற்றமின், மறுநாள் நஞ்சு. எது எப்போது என்பது அதிர்ஷ்டச் சீட்டு.

இரண்டாம் வாரம் வாய் புண்ணாகியது. உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம்.

"சூடு," என்றா வசந்தி. "மஞ்சள் மஞ்சளா விழுங்கினா உடம்பு கொதிக்காமல் என்ன செய்யும்? மோர் குடியுங்கோ."

"சூடில்லை, விற்றமின் பி குறைவு," என்றார் குகன் தொலைபேசியில். "வாய்ப்புண் எண்டாலே பி தான் மச்சான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

நான் யோசித்தேன். என் வாழ்க்கையில் யோசித்துச் செய்த காரியங்களைத்தான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். வாய்ப்புண் என்றால் விற்றமின் பி குறைவு. ஃபோலிக் அசிட் ஒரு விற்றமின் பி. அது என்னிடம் போத்தல் நிறைய இருக்கிறது. எனவே அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புண் கூடியது. கூடக்கூட, விற்றமின் இன்னும் போதவில்லை என்று முடிவெடுத்தேன். ஒருநாள் மூன்று.

அந்த வாரம் ரதியின் பாடத்தில் எனக்கு வாய் திறக்க ஏலவில்லை. கையால் காட்டினேன்: இடது, வலது, நில்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் ஏசாமல் இருக்க நான் வடிவா ஓடுறன், கவனிச்சனீங்களோ?"

தலையாட்டினேன். தலை பாரமாக இருந்தது. ஐப்பசிக் குளிரில் எனக்கு வேர்த்தது. ரதி ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கண்ணாடி பார்த்து, எல்லாம் முறையாக முடித்த பிறகு என் நெற்றியில் புறங்கையை வைத்தா.

"ஐயோ, நெருப்பு! அண்ணை, இறங்கி ஆரையும் கூப்பிடுவமே?"

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் முன்னே கையைக் காட்டினேன். இதை யாரும் பின்பற்றக்கூடாது; அந்த நிலையில் ஒரு பழகுநரின் பக்கத்தில் பொறுப்பாளனாக நான் இருந்திருக்கக் கூடாது. வண்டியை அங்கேயே விட்டு அம்புலன்ஸ் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்தது இது. பழகுநர் பலகை மாட்டிய காரில், மணிக்கு பதினைந்து மைலில், ஒவ்வொரு சந்தியிலும் மூன்று தரம் கண்ணாடி பார்த்து, ரதி என்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனா. அங்கே இரண்டு கார்களுக்கு நடுவில் பின்பக்கமாக ஒரே தடவையில் நேராக விட்டா. நான்கு பரீட்சையிலும் அவவைத் தவற வைத்தது இதே விசயம்தான்.

"பாத்தியளோ அண்ணை!" என்றா. நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு மத்தியானம் வந்தது. வெள்ளை அணுக்கள், அதாவது கிருமியோடு சண்டை பிடிக்கிற படை, இருக்க வேண்டியதில் ஒரு சிறு பங்குதான் இருந்தன. அவை எலும்பின் மஜ்ஜைக்குள் உற்பத்தியாகின்றன; தொழிற்சாலை கதவைச் சாத்திவிட்டது. என்னைத் தனி அறையில் போட்டார்கள். வருபவர் கை கழுவ வேண்டும், முகமூடி போட வேண்டும். பூவும் வெட்டின பழமும் உள்ளே வரக்கூடாது. ஒரு கையில் கிருமி மருந்து ஏறியது. மறுகையில் ஃபோலினிக் அசிட். ஃபோலிக்கின் தம்பிபோலப் பெயர் இருந்தாலும் இதுதான் வலுவானது. மெத்தோட்ரெக்ஸேட் அடைத்து வைத்திருக்கும் வழியைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விடுமாம். மாற்றுப் பாதை. அந்த விளக்கம் எனக்கு உடனே விளங்கியது.

ஒரு மருந்தாளர் வந்தார், இளம் பெண், மெல்லிய குரல். வீட்டில் உள்ள அத்தனை போத்தல்களும் வேண்டும் என்றார். எங்கள் மகள் அபி மரக்கறி வாங்கும் பெரிய பையில் எல்லாவற்றையும் அள்ளி வந்தாள். மருந்தாளர் மேசையில் வரிசையாக வைத்தார். வரிசை முடிய மேசையும் முடிந்தது.

"இவ்வளவையும் நீங்கள்தான் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். வெட்கத்துடன் ஓம் என்றேன். விற்றமின் சி போத்தலைத் திறந்து ஒரு தட்டில் கொட்டினார். கையுறை விரலால் குளிசைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வெளிச்சத்தில் எழுத்தைப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் வலது பக்கம் கொஞ்சமாக ஒதுக்கினார். இரண்டு மஞ்சள் குவியல் வளர்ந்தது. வசந்தி முகமூடிக்கு மேலே அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. பத்துப் பதினைந்து குளிசை போனபோது அவவின் கண் மாறியது.

"நான்தான்," என்றா. "ரெண்டையும் ஒண்டாக் கொட்டினது நான்தான்."

"நீர் கொட்டினீர். போத்தலுக்க போட்டது ஆர்? நான். பேர் ஒட்டாமல் விட்டது ஆர்? அதுவும் நான்."

"நான் கேட்டிருக்க வேணுமெல்லே! கடுகு போட ஒரு போத்தலுக்காக உங்களைக் கொல்லப் பாத்திட்டன்."

"என்னைக் கொல்லுறதெண்டால் கறியிலயே செய்திருப்பீர். இருபத்தாறு வருசமா வாய்ப்பு இருந்ததே!"

அவ அழுதுகொண்டே என்னை அடிக்கக் கையோங்கினா. கை கழுவ வேண்டுமே என்று பாதியில் நிறுத்தினா. மருந்தாளர் தமிழ் தெரியாமல் பின்வாங்கி, சண்டையா என்று அபியைக் கேட்டார். "இல்லை, இரண்டு பேரும் தான்தான் செய்தது என்று போட்டி போடுகிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, போத்தல்ல ஸ்டிக்கர் ஒண்டு ஒட்ட ரெண்டு செக்கன்," என்றாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு இரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்கு வெள்ளை அணுக்களின் எண் வரும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் எண் குறைந்தது. ஏற்கெனவே விழுங்கியதன் விளைவு இன்னும் முடியவில்லை, எதிர்பார்த்ததுதான் என்றார் டொக்டர். எதிர்பார்த்தது அவர், வசந்தி எதிர்பார்க்கவில்லை. அவ கதிரையில் நிமிர்ந்திருந்து கதவைப் பார்த்தா. மூன்றாம் நாளும் எழும்பவில்லை, அதே எண். அன்று அவ என் கால் நகங்களை வெட்டினா. அது அவசரமான வேலை அல்ல. நானும் ஒரு பகிடியும் விடாமல் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். பயம் என்பது எனக்கு அப்படித்தான் வந்தது: சொல்வதற்குப் பகிடி ஒன்றும் கிடைக்காமல்.

குகன் அன்று பின்னேரம் வந்தார். முடக்கொத்தான் ரசம் ஒரு பிளாஸ்கில். நேர்ஸ் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். முகமூடிக்குள் குகனைப் பார்க்க ஒரு பரீட்சை மண்டப மாணவன் போல இருந்தார்.

"மச்சான், பி விற்றமின் எண்டு நான்தானே சொன்னனான்."

"இஞ்ச பாருங்கோ, குற்றத்துக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் வரிசையில நிக்கினம். நீங்கள் பின்னுக்கு வாங்கோ."

அவர் சிரிக்கவில்லை. என் பழகுநர்கள் எல்லோரையும் தானே அழைத்துப் பாடங்களைத் தள்ளிவைத்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரி என்று சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்று பயந்து, நான் கேரளாவுக்கு எண்ணெய் வைத்தியத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டாராம். இன்றுவரை என்னிடம் அந்த எண்ணெயின் பெயரைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் நாள் பத்து மணிக்கு எண் கொஞ்சம் எழும்பியிருந்தது. வசந்தி என் குவளையிலிருந்த ஆறின தேநீரை எடுத்துக் குடித்தா. மூன்று நாளில் அவ வாயில் வைத்த முதல் சாமான் அதுவாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். தக்காளியும் கத்தரிக்காயும் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் அவர் விடலாம், அவ்வளவுதான். எண்ணெய் உள்ள மீன் வாரத்தில் இரண்டு தரம் நல்லது. சூடை, கானாங்கெளுத்தி, சால்மன் எதுவும் ஆகும். விற்றமின் டி என் இரத்தத்தில் உண்மையிலேயே குறைவு. எங்கள் தோலுக்கு இந்த ஊர் வெயில் போதாது, அதை எடுக்கலாம். ஃபோலிக் அசிட் கட்டாயம். மிச்சமெல்லாம் தேவையில்லை. சில மருந்தோடு மோதவும் கூடும். புதிதாக எதை விழுங்கினாலும் முதலில் கேளுங்கள். உணவு மருந்துக்குத் துணை நிற்கும், மருந்தின் இடத்தில் நிற்காது.

ஏழு மாதம் நான் கத்தரிக்காய் இல்லாமல் வாழ்ந்திருந்தேன். அந்தக் கணத்தில் என் கோபமெல்லாம் கோட் போட்ட அந்த வெள்ளைக்காரன்மீதே இருந்தது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வசந்தி கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தா. வாய் முழுதாக ஆறவில்லை. எரிய எரியச் சாப்பிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. மெத்தோட்ரெக்ஸேட் நிறுத்தியாயிற்று. ஐந்தாம் வாரம் கை பழையபடி வீங்கியது. கோப்பை விழுந்தது. சட்டைப் பொத்தான் தோற்கடித்தது. கார் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. மூட்டுவாத டொக்டர் அழைத்தார். இரத்தம் முழுதாகச் சரியாகிவிட்டது. அதே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாம், பிழை மருந்திலில்லை, எடுத்த விதத்தில்தான் என்றார். தாமதித்தால் எலும்பு அரிக்கத் தொடங்கும் என்றும் சொன்னார்.

"அந்த நஞ்சு இனி என்ர வீட்டுக்க வரப்படாது," என்றா வசந்தி தமிழில், என்னிடம்.

"அப்ப நான் இனி காருக்க இருக்க ஏலாது."

"இருக்காட்டிப் பரவாயில்லை. ஆள் இருந்தாப் போதும்."

டொக்டருக்கு அதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று, அளவு முன்னரே நிரப்பிய ஊசிப் பேனா இருக்கிறது என்றார். குளிசை இல்லை, போத்தல் இல்லை. தொடையிலோ வயிற்றிலோ வைத்து அமுக்கினால் போதும். ஆனால் அமுக்க என் கைக்குப் பலம் இல்லை. இன்னொருவர் செய்ய வேண்டும்.

வசந்தி நெடுநேரம் என் கையைப் பார்த்தா. எழும்பி, தன் கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டா.

"எனக்குக் காட்டித் தரச் சொல்லுங்கோ," என்றா.

நேர்ஸ் ஒரு பஞ்சுக் கட்டையில் காட்டிக் கொடுத்தார். வசந்தி பதினாறு தரம் அந்தக் கட்டைக்கு ஊசி போட்டா. போதும் என்று நேர்ஸ் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு.

இப்போது ஒவ்வொரு திங்களும் காலையில் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். முதலில் என் பெயரும் பிறந்த திகதியும் கேட்பா. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவ. பிறகு பேனாவின் எழுத்தை உரக்க வாசிப்பா. கலண்டரில் புள்ளடி போடுவா. பிறகுதான் ஊசி. ஃபோலிக் அசிட்டை மட்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் தானே பிதுக்கித் தருவா. ஒன்றைக்கூட முன்கூட்டிப் பிதுக்கி வைக்க விடமாட்டா.

கை திரும்ப மூன்று மாதம் பிடித்தது. நான் திரும்பி ஏறிய முதல் பாடம் ரதியுடையது. ஒரு சைக்கிள்காரன் சந்தியில் குறுக்கே வந்தபோது என் கை ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேர்ந்தது, அரைச் செக்கன் முன்னரே. பிடித்தது. ரதி கவனிக்கவில்லை. ஏசினதை மட்டும் கவனித்தா.

போன புதன்கிழமை மத்தியானம். மீன் சாப்பிட வேண்டிய நாள். வசந்தி மேல்மாடியில் இருந்தா. நானே எடுத்துச் சூடாக்குவோம் என்று உறைபெட்டியைத் திறந்து, வழக்கமான வனிலா ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மூடியைக் கழற்றினேன்.

உள்ளே வனிலா ஐஸ்கிரீம் இருந்தது.

மூடியைத் திருப்பி எழுத்தை வாசித்தேன். பிறகு அலுமாரியைத் திறந்தேன். பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட். கோப்பிப் போத்தலுக்குள் கோப்பி. கடுகுக்குப் புதிதாக ஒரு கண்ணாடிப் போத்தல், அதில் அவவின் கையெழுத்தில் 'கடுகு'.

"வசந்தி, மீன் எங்கை?"

"மீன் எண்டு எழுதிக் கிடக்குது. வாசிக்கத் தெரியாதே?"

அவ குரலில் வெட்கம் இருந்தது. மேசை லாச்சியை இழுத்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்தேன். விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மடங்கின. ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இறுகியிருந்தது. தோண்ட நல்ல பலம் வேண்டியிருந்தது.

தோண்டினேன்.